பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் முன்



ஆடி பிறந்தால் தீபாவளி முடியும் வரை கடைத்தெருவெங்கும் எக்ஸ்சேஞ்ச் தட்டிகள்தான். பிரஷர் குக்கரில் தொடங்கி இன்வெர்ட்டர் பேட்டரி, எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் இந்த முறை வந்துவிட்டது. துவரம் பருப்பில் கிலோவுக்கு ஐம்பது காசு குறைக்க அரை மணி நேரம் பேசுகிற நாம், இந்தத் தட்டியைக் கண்டதும் கணக்கை மறந்துவிடுகிறோம். நாங்களும் அப்படி மறந்தவர்கள்தான். மற்றவர்களுக்கு அது நேரக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

ஒழுங்கான திட்டம் ஒன்று

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த எங்கள் அண்ணன் பேரன் மூலம் ஒரு நல்ல திட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டோம். கலிபோர்னியா மாநிலத்தில் ஈ.வி.ஜி.ஏ. என்றொரு கம்பெனி கிராபிக்ஸ் கார்டு தயாரித்து விற்று வந்தது. கம்ப்யூட்டர் திரையில் விளையாட்டும் வீடியோவும் தடங்கலின்றி ஓடுவதற்காக உள்ளே பொருத்தும் அட்டைக்குத்தான் கிராபிக்ஸ் கார்டு என்று பெயர். இதில் புதுப் புது மாடல்கள் வந்துகொண்டே இருக்கும். இன்று வாங்கியது அடுத்த மாதம் பழசாகிவிடுமோ என்று வாங்குகிறவருக்குப் பயம்.

அந்தப் பயத்தைப் போக்க அந்தக் கம்பெனி "ஸ்டெப்-அப்" என்ற திட்டம் வைத்திருந்தது. கார்டு வாங்கிய 90 நாட்களுக்குள், பில்லைக் காட்டிப் பதிவு செய்தவர்கள், அதைவிட உயர்ந்த மாடலுக்கு மாறிக்கொள்ளலாம். வித்தியாசத் தொகையைக் கட்டினால் போதும். எடுத்துக்காட்டாக, 2020இல் என்விடியா அறிவித்த தொடக்க விலை ஆர்.டி.எக்ஸ். 3070க்கு 499 டாலர், 3080க்கு 699 டாலர். இந்த விலைகளை வைத்துக் கணக்குப் போட்டால், மாறுகிறவர் கட்ட வேண்டியது 200 டாலர். வரியும் அனுப்புகிற செலவும் தனி.

பயன்படுத்திய பொருளுக்கு வாங்கிய விலையையே வரவு வைத்தால் கம்பெனிக்கு நட்டமாகாதா என்று கேட்கலாம். புது வெள்ளாமை வரப்போகிறது என்று தெரிந்தால் பழைய மல்லியை யாரும் மூட்டைக் கணக்கில் வாங்கமாட்டார்கள். சரக்கு குடோனில் தேங்கும். "இப்போதே வாங்குங்கள், புதிது வந்தால் மாற்றித் தருகிறோம்" என்ற வாக்கு அந்தத் தேக்கத்தை உடைக்கிறது. அதோடு மேல் மாடலும் விற்பனையாகிறது. திரும்பி வந்த கார்டைச் சோதித்துக் குறைந்த விலைக்கு மறுபடியும் விற்கலாம்.

ஆனாலும் அதற்கும் எல்லை இருந்தது. கெடு தாண்டினாலோ பில் தொலைந்தாலோ மாற்றம் கிடையாது. 2020, 2021 ஆண்டுகளில் சரக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு வியாபாரத்தையே விட்டுவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. திட்டம் என்பது ஒரு வாக்கு. வாக்குக்கும் ஆயுள் உண்டு.

எங்கள் மண்டியில் நடந்தது

2019 தீபாவளிச் சமயம். எங்கள் மண்டியின் பில் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. ஒரு கடையில் புதியதன் விலை 32,000 ரூபாய் என்றும், பழையதற்கு 4,000 கழித்துக்கொண்டு 28,000 கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்கள். ஆறு வருடம் உழைத்த பெட்டிக்கு நாலாயிரமா என்று மகிழ்ந்து அன்றே கொடுத்தனுப்பினோம்.

பிறகு விசாரித்தால், அதே மாடல் அடுத்த தெருவில் எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே 28,600 ரூபாய். அப்படியானால் எங்கள் பழைய பெட்டிக்கு உண்மையில் கிடைத்தது 600 ரூபாய். அதையே பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவரிடம் போட்டிருந்தால் 1,500 கிடைத்திருக்கும்.

இது சின்ன நட்டம். பெரிய நட்டம் பெட்டிக்குள் இருந்தது. மூன்று வருடக் கடன் பாக்கிக் கணக்கு அதில்தான் இருந்தது. பிரதி எடுத்துவிட்டதாகக் கணக்கர் நினைத்தார். எடுத்த பிரதி திறக்கவில்லை. நாங்கள் ஓடிப்போய்க் கேட்பதற்குள் பெட்டி கைமாறிவிட்டது. பதிவு பெற்ற வியாபாரிகளின் பில்களை ஜி.எஸ்.டி. தாக்கலிலிருந்து ஆடிட்டர் எடுத்துக் கொடுத்தார். சிறு கடைகளின் பாக்கிக்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை.

வேறு வழியின்றிக் கடை கடையாக ஏறி இறங்கி, உள்ளதைச் சொல்லிக் கேட்டோம். பெரும்பாலானவர்கள் தங்கள் நோட்டைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பெட்டிக்கடை அம்மா, நாங்கள் நினைவில் வைத்திருந்ததைவிட 1,850 ரூபாய் கூடுதலாகக் காட்டி, "எழுதியிருக்குதுங்களே அண்ணாச்சி" என்றார். ஒரு சிலர் கைவிரித்தார்கள். கடைசியில் வராமல் போனது 38,000 ரூபாய். அந்த அம்மாவைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் அது லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. பழையதற்கு எவ்வளவு தருகிறார்கள் என்று முதலில் கேட்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புதியது என்ன விலை என்று இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். அதில் மிகக் குறைந்த விலைக்கும் நம் கையிலிருந்து போகும் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் பழையதன் உண்மையான விலை.

2. ஜி.எஸ்.டி. நாம் கட்டும் வித்தியாசத்துக்கு மட்டும் அல்ல. விதி 27இல் இதற்கு ஓர் உதாரணமே இருக்கிறது. பழைய போனோடு 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு புதிய போன் தருகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதன் விலை 24,000 என்றால், மதிப்பு 24,000தான். 18 சதவீதத்தில் வரி 4,320 ரூபாய், 3,600 அல்ல. காம்பவுண்டிங் முறையில் உள்ளவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது, முழுதும் செலவுதான்.

3. பழையதை வாங்கியபோது உள்ளீட்டு வரி எடுத்திருந்தால், அதைக் கொடுப்பதும் ஒரு விற்பனை போலத்தான். ஆடிட்டரைக் கேட்டு முறையாகப் பில் போடுங்கள்.

4. தேவையை முதலில் முடிவு செய்யுங்கள். பில் போட, இருப்புப் பார்க்க, தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. "இதையும் சேர்த்துப் போட்டால் வேகம் வரும்" என்று சொன்னால் தலையாட்ட வேண்டாம். பல சமயம் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டு, மெமரியைக் கூட்டினாலே பழைய பெட்டி இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

5. கொடுப்பதென்று முடிவானால், கணக்கை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பிறகு ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அழித்ததாக நினைக்கும் கணக்கைத் திரும்ப எடுக்க வழியுண்டு. வாடிக்கையாளர்களின் பாக்கியும் போன் நம்பரும் வெளியாள் கைக்குப் போகலாமா? ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

6. கெடு, நிபந்தனை, வாரண்டி எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் பண்டிகையோடு போய்விடும்.

எக்ஸ்சேஞ்சே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து விற்பது நம் தொழில். வாங்கும்போதும் அளந்தே வாங்குவோம்.