அழித்தாலும் போகாத விளையாட்டுகள்: பிள்ளைகளின் ஸ்டீம் கணக்கிலிருந்து நிரந்தரமாக நீக்குவது எப்படி?

போன மார்கழி விடுமுறையில் ஒரு மாலை, எங்கள் வீட்டு அம்மம்மா தன் அறையை விட்டு வெளியே வந்து சமையலறை வாசலில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. "பிள்ளை, உந்தச் சத்தம் எங்கயிருந்து வருது?" என்று கேட்டார். பக்கத்து அறையில் எங்கள் சின்ன மகன் கணினியில் போர் விளையாட்டு ஒன்று விளையாடிக்கொண்டிருந்தான். செல் கூவிக்கொண்டு வந்து விழும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. வெளிநாட்டுக்கு வந்து இத்தனை வருடங்களாகியும் அந்தச் சத்தத்துக்கு அவருடைய உடம்பு பழையபடியே நடுங்குகிறது.

அன்றிரவே நாங்கள் அந்த விளையாட்டைக் கணினியிலிருந்து அழித்துவிட்டோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்து அதே சத்தம் கேட்டது. மகன் எங்களை ஏமாற்றவில்லை. அவனுடைய ஸ்டீம் பட்டியலில் அந்தப் பெயர் அப்படியே இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினான், விளையாட்டு திரும்ப இறங்கி வந்துவிட்டது.

நம்மில் பல பெற்றோருக்கு இந்த அனுபவம் இருக்கும். கணினியில் அழிப்பது வேறு, கணக்கிலிருந்து நீக்குவது வேறு என்பது நமக்கு யாரும் சொல்லித் தராத விடயம். அதற்குப் பின்னர் நாங்கள் தேடிப் படித்து, பிள்ளைகளோடு இருந்து செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறோம்.

வாங்கியது பொருள் அல்ல, அனுமதி

ஸ்டீம் என்பது வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2003 செப்டெம்பரில் தொடங்கிய இணையக் கடை. கணினி விளையாட்டுகளுக்கு இன்று உலகின் மிகப் பெரிய கடைகளில் ஒன்று. பிள்ளை அங்கே ஒரு விளையாட்டை வாங்கினால், நாம் முன்பு கசெட்டோ சீடியோ வாங்கியதுபோல ஒரு பொருள் கைக்கு வருவதில்லை. "இந்தக் கணக்கு வைத்திருப்பவர் இதை விளையாடலாம்" என்ற அனுமதிதான் கிடைக்கிறது. அந்த அனுமதிகளின் பட்டியலைத்தான் ஸ்டீமில் லைப்ரரி, அதாவது நூலகம் என்கிறார்கள்.

கலிபோர்னியா மாநிலம் 2024 இல் இதற்கென ஒரு சட்டம் நிறைவேற்றியது. டிஜிட்டல் பொருளை விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, பணம் செலுத்தும் பக்கத்தில் அந்த அறிவித்தலை ஸ்டீம் போடத் தொடங்கிவிட்டது.

இது விளங்கினால் மற்றதெல்லாம் சுலபம். கணினியில் இருப்பது விளையாட்டின் ஒரு பிரதி மட்டுமே. அனுமதி கணக்கில் இருக்கிறது. பிரதியை எத்தனை தடவை அழித்தாலும், அனுமதி இருக்கும்வரை அது திரும்ப வரும்.

மூன்று வழிகள், மூன்று விளைவுகள்

முதலாவது அன்இன்ஸ்டால். கணினியில் இடம் மிச்சமாகும், அவ்வளவுதான். பிள்ளை எங்கே விட்டானோ அங்கிருந்து தொடர்வதற்கான சேமிப்புகள் பெரும்பாலும் கணினியிலோ ஸ்டீமின் மேகச் சேமிப்பிலோ தங்கிவிடும். இடப் பற்றாக்குறைக்கு இதுவே போதும்.

இரண்டாவது மறைப்பது. விளையாட்டின் பெயரில் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி, நிர்வகிக்கும் பகுதிக்குப் போய், மறைக்கும்படி சொல்லலாம். பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மறைத்தவற்றைக் காட்டும் பகுதிக்குப் போனால் அது அங்கே இருக்கும். வேண்டுமென்றால் அடுத்த நிமிடமே வெளியே எடுக்கலாம். இதோடு ஒட்டியதாக, ஒரு விளையாட்டைத் தனிப்பட்டதாகக் குறிக்கும் வசதியும் இருக்கிறது. அது நண்பர்கள் பார்க்காதபடி செய்வதற்கானது. அதைச் செய்வதால் பிள்ளை விளையாடுவது நிற்காது.

மூன்றாவதுதான் நிரந்தர நீக்கம். இங்கே அனுமதியே கணக்கை விட்டுப் போகிறது.

இவற்றைத் தவிர, முழுக் கணக்கையும் மூடும்படி கேட்கவும் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் அந்தக் கணக்கில் உள்ள எல்லா விளையாட்டுகளும் சேர்ந்து போகும். கோபத்தில் எடுக்கக் கூடாத முடிவு அது.

நிரந்தரமாக நீக்கும் முறை

ஸ்டீமில் உள்நுழைந்து உதவிப் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே சம்பந்தப்பட்ட விளையாட்டைத் தேடித் தெரிவு செய்தால், என்ன பிரச்சினை என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். அதில், இந்த விளையாட்டை என் கணக்கிலிருந்து நிரந்தரமாக நீக்க விரும்புகிறேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். கணக்கில் வேறு மொழி தெரிவு செய்திருந்தால் அந்த மொழியில் இருக்கும். அதை அழுத்தினால், எவையெல்லாம் நீக்கப்படப் போகின்றன என்று காட்டி உறுதி கேட்கும் பக்கம் வரும். உறுதி செய்தால் முடிந்தது.

அந்தக் கடைசிப் பக்கத்தை நின்று நிதானமாக வாசியுங்கள். நாங்கள் வாசிக்காமல் அழுத்தப் போனோம். பக்கத்தில் இருந்த மகன்தான் "அப்பா, பொறுங்கோ" என்று கையைப் பிடித்தான். அந்தப் போர் விளையாட்டு தனியாக வாங்கப்பட்டதல்ல. வேறு இரண்டோடு ஒரே பொதியாகக் கழிவு விலையில் வாங்கியது. பொதியாக வந்ததை நீக்கும்போது அதோடு வந்தவையும் சேர்ந்து போகும். அவன் ஆசையாக விளையாடும் கார்ப் பந்தயமும் அந்தப் பட்டியலில் இருந்தது. பக்கத்தில் அது தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அவசரப்பட்டது நாங்கள்.

இன்னும் சில விடயங்களை மனதில் வைக்க வேண்டும்.

நீக்கினால் காசு திரும்ப வராது. காசைத் திரும்பக் கேட்பது வேறு வழி. பொதுவாக, வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிள்ளை கேட்காமல் வாங்கிவிட்டான் என்று தெரிந்தால், முதலில் இந்த நாட்களைக் கணக்குப் பாருங்கள். அந்த எல்லைக்குள் இருந்தால் நீக்க வேண்டாம், பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

நீக்கிய ஒன்று பிறகு வேண்டுமென்றால் மறுபடி காசு கொடுத்து வாங்க நேரிடும் என்று எண்ணியே முடிவெடுங்கள்.

இலவச விளையாட்டுகளை நீக்குவது பட்டியலைச் சுத்தம் செய்ய மட்டுமே உதவும். காசு தேவையில்லை என்பதால், பிள்ளை நினைத்தால் ஒரு நிமிடத்தில் திரும்பச் சேர்த்துவிடலாம்.

ஸ்டீமைத் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் இந்த அளவுக்கு வழி இல்லை. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ, அப்பிள் ஆகியவற்றில் வாங்கியதைப் பட்டியலிலிருந்து மறைக்கலாம். வாங்கிய பதிவு கணக்கில் இருந்துகொண்டே இருக்கும்.

பெற்றோருக்கு உண்மையில் தேவைப்படுவது

நிரந்தர நீக்கம் எங்கள் பிரச்சினைக்குச் சரியான மருந்து அல்ல என்பது பாதி வழியில்தான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுடைய கணக்கில் பெரியவர்களுக்கான விளையாட்டுகள் பல இருக்கின்றன. பகுதி நேர வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியவை அவை. குடும்பப் பகிர்வு மூலம் அவை தம்பியின் பட்டியலிலும் தெரிந்தன. தம்பிக்காக அண்ணனுடையதை அழிப்பது நியாயமா?

இதற்கென்றே ஸ்டீமில் குடும்ப வசதி ஒன்று இருக்கிறது. 2024 செப்டெம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தில் 6 பேர் வரை சேரலாம். பெரியவர்கள், பிள்ளைகள் என்று இரண்டு வகை உறுப்பினர்கள். பெரியவராக இருப்பவர், பிள்ளை எந்தெந்த விளையாட்டுகளைப் பார்க்கலாம், ஒரு நாளில் எவ்வளவு நேரம் விளையாடலாம் என்று தீர்மானிக்கலாம். பிள்ளை ஒன்றை வாங்க விரும்பினால் பெரியவருக்குக் கோரிக்கை வரும். இப்படிச் செய்தபோது அண்ணனுடைய விளையாட்டுகள் அண்ணனிடமே இருந்தன. தம்பிக்கு அவற்றில் வயதுக்கு ஏற்றவை மட்டும் திறந்தன.

இந்த வசதி ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கானது. பாரிசில் பெரியப்பாவின் பிள்ளைகள், ரொறன்ரோவில் சித்தியின் பிள்ளைகள் என்று நாம் சிதறி வாழ்ந்தாலும் நமக்கு அது ஒரே குடும்பம்தான். ஸ்டீமின் கணக்கில் அப்படியல்ல. ஒரு பெரியவர் ஒரு குடும்பத்தை விட்டு விலகினால், இன்னொன்றில் சேர, முன்னையதில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். ஆகவே சும்மா சேர்த்துப் பார்ப்போம் என்று மச்சான்மாரைச் சேர்க்க வேண்டாம்.

வயதையும் பார்க்க வேண்டும். ஸ்டீமின் உடன்படிக்கைப்படி 13 வயதுக்குக் குறைந்தவர் கணக்கு வைத்திருக்க முடியாது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் திறந்த கணக்குகள் நம் வீடுகளில் இல்லை என்று சொல்ல முடியுமா? ஐரோப்பாவின் பல நாடுகளில் பேகி என்ற தரப்படுத்தல் 3, 7, 12, 16, 18 என்று வயதைக் குறிக்கிறது. ஜேர்மனியில் யூஎஸ்கே, வட அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வன்முறை, சூது, கெட்ட வார்த்தை என்று காரணமும் இருக்கும். வாங்க முன்னர் அதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

பிள்ளையின் பட்டியலில் நமக்கு வெறும் குப்பையாகத் தெரிவது அவனுக்கு அப்படி இராது. ஒன்று பிறந்தநாளுக்கு மாமா அனுப்பிய காசில் வாங்கியது. இன்னொன்று வேறு நகரத்துக்குப் போய்விட்ட நண்பனோடு சேர்ந்து விளையாடியது. எங்கள் மகன் ஒவ்வொன்றாக இதையெல்லாம் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து நாங்கள் துடைத்திருந்தால், அடுத்த தடவை எதையும் எங்களுக்குக் காட்டியிருக்க மாட்டான்.

அன்று அவன் ஒரு கேள்வி கேட்டான். "அம்மா, அது வெறும் கேம்தானே, அம்மம்மா ஏன் இப்பிடிப் பயப்பிடுறா?"

நாங்கள் அவனுக்கு அதைச் சொன்னதே இல்லை. ஊர், இடப்பெயர்வு, போர் என்ற சொற்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறான். ஆனால் தன் அம்மம்மா எத்தனை இரவுகள் பங்கருக்குள் இருந்தார், அந்தக் கூவல் சத்தம் வந்தால் எண்ணிக்கொண்டே குனிந்திருப்பார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னோம். அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே கணினிக்கு முன் இருந்தான்.

காரோட்டம் போய்விடும் என்பதால் அந்தப் பொதியை அவன் நிரந்தரமாக நீக்கவில்லை. போர் விளையாட்டை அன்இன்ஸ்டால் செய்து மறைத்துவிட்டான். அவனுடைய பட்டியலில் அது திறக்காதபடி எங்கள் பக்கத்திலிருந்து பூட்டச் சொன்னதும் அவன்தான். தனியாக வாங்கியிருந்த இன்னும் இரண்டு சுடும் விளையாட்டுகளை, திரும்ப வராது என்று தெரிந்தே நிரந்தரமாக நீக்கினான். ஒரு நாளும் திறக்காத இலவச விளையாட்டுகள் பத்துப் பதினைந்தும் போயின. நாங்கள் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

நீக்க முன்னர் ஐந்து கேள்விகள்

1. இடம் போதாமையா, பிள்ளை அதைப் பார்க்கக் கூடாது என்பதா? இடத்துக்கு அன்இன்ஸ்டால் போதும். இரண்டாவதற்குப் பெற்றோர் கட்டுப்பாடு இருக்கிறது.

2. வாங்கி 14 நாட்கள் கடந்துவிட்டனவா? இல்லையென்றால் முதலில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

3. தனியாக வாங்கியதா, பொதியாகவா? உறுதி கேட்கும் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வாசியுங்கள்.

4. அது யாருடைய கணக்கு, யாருடைய காசு? அண்ணனுடையதைத் தம்பிக்காக அழிக்க வேண்டாம்.

5. பிள்ளையிடம் கேட்டீர்களா? ஏன் என்று சொன்னீர்களா?

ஐந்தாவதற்கு விடை இல்லையென்றால் பொத்தானை இன்றைக்கு அழுத்த வேண்டாம். பட்டியல் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

இப்போது எங்கள் மகன் தோட்டம் செய்யும் விளையாட்டு ஒன்று விளையாடுகிறான். சில மாலைகளில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு விளையாடுகிறான். அம்மம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்க்கிறார். கத்தரிக்கு இவன் தண்ணீர் விட மறந்தால், "தம்பி, அந்த மூலைப் பாத்தி காயுது" என்று சொல்கிறார்.