தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளின் ஆகாரம்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ள இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்தவை. மலையை ஒட்டிய நிலங்களில் நெல்லும் தென்னையும் மாவும் பயிராகின்றன. கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் மானாவாரி. அங்குக் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி ஆகியவை தொன்றுதொட்டு விளைந்து வந்தன. குழந்தைகளின் ஆகாரமும் இந்நிலங்களையே ஒட்டியிருந்தது. நெற்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. அன்றாடம் உண்டது கம்மஞ்சோறும் சோளச்சோறுமே. இரவில் மிஞ்சியது நீரில் ஊறி, மறுநாட்காலை மோரும் சின்ன வெங்காயமும் சேர்ந்து கஞ்சியாயிற்று.

மாறிய விதம்

1936ஆம் ஆண்டில் இராஜபாளையம் மில் ஸ்தாபிக்கப்பட்டது. பின்னர் நூற்பாலைகள் பல தோன்றின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவு பெருகிற்று. கம்பை நீர் தெளித்து ஊறவைத்து, உரலிலிட்டு இடித்து, தவிடு போகப் புடைத்து, அதன் பின்னரே சமைக்கவேண்டும். அதிகாலை ஷிப்டுக்குச் செல்லும் தாய்க்கு இதற்கு நேரமேது? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறி வீடுகளில் தாய் வீட்டிலேயே இருப்பினும், தார் சுற்றும் நேரமெல்லாம் கூலியாகும் நேரமே. அரிசியோ கழுவி உலையிலிட்டால் விரைவில் வெந்துவிடும். நியாயவிலைக் கடைகளில் 2008ல் கிலோ 1 ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் இலவசமாகவும் அரிசி கிடைத்தது. அதன்பின் கம்பை விலைகொடுத்து வாங்குவோர் அருகினர்.

இவ்வாறு பாட்டி கஞ்சி குடித்த வீட்டில் மகள் அரிசிச் சோறு உண்டாள். பேரக்குழந்தையோ காலையில் தேநீரும் பன்னும், மாலையில் பொட்டலத் தீனியும் கேட்கிறது. இதைக் குழந்தையின் நாக்கின் குற்றமென்பது தவறு. வீட்டில் எது விரைவில் கைக்குக் கிடைக்கிறதோ, அதிலேயே குழந்தையின் சுவை படிகிறது.

பாடசாலை உணவு

இக்குறையைப் பெரிதும் ஈடு செய்தவை பாடசாலைகள். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது 1956ல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். அரசு இதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கிற்று. பிற்காலத்தில் முட்டையும் சேர்ந்தது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிற்று. ஷிப்டுக்குச் செல்லும் தாய்மார்க்கு இது பேருதவி.

இழந்தது யாது?

அரிசியால் பசி தீர்ந்தது. அது சிறிய நன்மை அன்று. எனினும் சத்துக் கணக்கு வேறு. 100 கிராம் கம்பில் இரும்புச்சத்து சுமார் 6 மில்லிகிராம்; நன்கு தீட்டிய சாதாரண அரிசியில் 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து சுமார் 350 மில்லிகிராம். அரிசியில் 10 மில்லிகிராமும் தேறாது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 57 பேர் இரத்தசோகையுடையோராய்க் காணப்பட்டனர். சோகைக்குக் காரணங்கள் பல. ஆகாரம் அவற்றுள் முக்கியமானது.

செய்யத்தக்கவை

1. உரலுக்குத் திரும்புமாறு எவரையும் சொல்வதற்கில்லை. கம்பு 2 பங்கு, புழுங்கலரிசி 2 பங்கு, உளுந்து 1 பங்கு ஊறவைத்து அரைத்தால், வழக்கமான மாவைப் போலவே புளித்துத் தோசைக்கு உதவும். கஞ்சியை விலக்கும் குழந்தையும் தோசையை விலக்குவது அரிது.

2. கம்பு மாவு எண்ணெய்ப்பசையுடையது, விரைவில் கசந்துவிடும். ஆகையால் தானியமாகவே வைத்திருந்து, வாரத்திற்கு வேண்டிய அளவே அரைக்கவேண்டும்.

3. உணவோடு தேநீர் தருதல் கூடாது. அது இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவை அதற்குத் துணைசெய்யும்.

4. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்குப் பால் ஊற்றும் குடியானவர், தம் வீட்டுக் குழந்தைக்கு ஒரு டம்ளர் பாலோ மோரோ ஒதுக்கியபின் எஞ்சியதையே விற்பது நலம்.

குடியானவர்க்கு

கரிசலில் கம்பு நின்ற புலங்கள் பலவற்றில் இக்காலத்தில் கோழித் தீவனத்திற்கான மக்காச்சோளம் நிற்கிறது. அதன் வரும்படியை விட்டுவிட வேண்டுவதில்லை. ஒரு குடும்பம் வாரத்தில் 2 நாள், நாளொன்றுக்கு 1 கிலோ வீதம் கம்பு செலவிட்டால் ஆண்டுக்கு 104 கிலோ வேண்டும். ஏக்கருக்கு 500 கிலோ விளையும் மானாவாரி நிலத்தில் இதற்கு 21 சென்டு போதும். ஆலைத் தொழிலாளர் பலருக்குச் சொந்த ஊரில் நிலமோ, நிலமுள்ள உறவினரோ உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே அவர்களுடன் பேசி, இவ்வளவு நிலத்தைக் குழந்தைகளுக்கென ஒதுக்கி விதைப்பித்தல் நன்று.