சங்கத்தின் காரும் பெட்ரோல் கணக்கும்

சங்கங்களைத் தணிக்கை செய்யும்போது நாம் புரட்டும் ஏடுகளுள் காரின் பயணக் குறிப்பேடும் ஒன்று. நூல் வாங்கவும், சேலைக் கட்டுகளை விற்பனை நிலையங்களிற் சேர்க்கவும், விளைபொருளுக்கு எந்த ஊரில் என்ன விலை என்று விசாரிக்கவும் கார் வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு. அக்குறிப்பேட்டில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் எண் ஒரு மாதம் இறங்கிவிட்டால், நிர்வாகக் குழுவினரின் ஐயம் முதலில் ஓட்டுநர்மீதே பாய்கின்றது. ஓட்டுநரோ, டயரில் காற்றுக் குறைவு என்று ஒரே வாக்கியத்தில் விடையிறுத்துவிடுகின்றார். இரண்டில் எது மெய் என்று அளந்து பார்ப்போர் சிலரே. ஒருபுறம் அங்கத்தினர்களின் பணம். மறுபுறம் ஒரு தொழிலாளியின் நற்பெயர். ஆகவே எது எவ்வளவு எரிபொருளை உண்கின்றது என்பதைக் கணக்கோடு அறிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

முதலில் டயரை எடுத்துக்கொள்வோம். உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் சற்றே தட்டையாகி, மேலெழும்போது மீண்டும் பழைய வடிவம் பெறுகின்றது. இவ்வாறு நசுங்கி நிமிர்வதில், ரப்பர் தான் வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகின்றது. நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியின் டயர் சூடாக இருப்பது பெரும்பாலும் இதனாலேயே. காற்றுக் குறைந்தால் நசுங்கல் மிகும். வீணாகும் சக்தியும் மிகும். பாவின் இழுவை தளர்ந்தால் நெசவு கெடும், அளவுக்கு மிஞ்சி இறுகினால் இழை அறும் என்பது நம் நெசவாளர் நன்கு அறிந்தது. டயரின் காற்றும் அத்தகையதே. மிகையாக அடைத்தால் நடுப்பகுதி மட்டும் தேயும். சாலையில் பிடிப்பும் குன்றும்.

இழப்பு எவ்வளவு? நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பவுண்டு அழுத்தம் குறைந்தால், ஒரு லிட்டரில் ஓடும் தூரம் ஏறத்தாழ 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு. 32 பவுண்டு இருக்க வேண்டிய டயர்களில் 22 பவுண்டே இருந்தாலும் நஷ்டம் 2 சதவீத அளவுதான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய கார் 14.7 ஓடும். 15 என்பது 12 ஆக இறங்கியதற்குக் காற்றை மட்டும் காரணம் காட்டினால் அதை ஏற்பதற்கில்லை. அதனால் காற்றை அலட்சியம் செய்யலாம் என்று எவரும் கருதிவிட வேண்டாம். பத்துப் பவுண்டு குறைந்த டயர் ஓரங்களில் தேய்ந்து, சூடேறி, ஓட்டத்திலேயே வெடிக்கவும் கூடும். அங்கே பேச்சு பெட்ரோலைப் பற்றியது அன்று.

டயரின் வகையும் வேறுபாடு செய்யும். உருளும்போது டயர் தரும் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும் என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நம் நாட்டிலும் 2022-இல் மத்திய அரசு இத்தடைக்கு வரம்பு விதித்து அறிவிக்கை வெளியிட்டது. புதிய டயர் வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல் இதையும் கேட்பது காரியதரிசியின் கடமை.

டயரைவிடப் பெரிய தீனிக்காரர்கள் வேறு உளர். கூரைமேல் கட்டும் மூட்டை அவற்றுள் முதன்மையானது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இதில் காரின் தலைமேல் ஒரு பெட்டியையும் ஏற்றினால் என்னவாகும்? நகருக்குள் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும் எரிபொருட் சிக்கனம் கெடும் என்று மேற்கூறிய எரிசக்தித் துறையே கணித்துள்ளது. அதே கட்டை வண்டியின் உள்ளே வைத்தால், 45 கிலோ எடைக்கு இழப்பு ஒரு சதவீத அளவே. கூரையில் இறுக்கிய இரும்புச் சட்டத்தை, சுமை இல்லாத நாளிலும் கழற்றாமல் ஊர் சுற்றும் கார்களை நாம் பார்க்காத மாவட்டம் இல்லை!

ஓட்டும் முறையும் அற்பமன்று. திடீரென்று வேகமெடுத்துத் திடீரென்று பிரேக் போடும் பழக்கம் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம் வரை விழுங்கிவிடும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை போகும். கொள்முதல் நிலையத்தின் வாசலில் காத்திருக்கும் வண்டிகளுக்கு இதைச் சொல்கின்றோம். கடும் கோடையில் குளிர்சாதனத்தை இயக்கிக் குறுகிய தூரம் செல்லும்போது இழப்பு 25 சதவீதத்தையும் தாண்டக்கூடும். அவ்வாறு பயணம் செய்பவர் பெரும்பாலும் ஓட்டுநர் அல்லர் என்பதையும் நிர்வாகக் குழுவினர் நினைவிற் கொள்வார்களாக.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அன்று. 2025-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. கரும்பு, மக்காச்சோளம் பயிரிடுவோர்க்கு இது நல்ல செய்தி. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்கெனச் சீர்செய்யப்பட்ட பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருட் சிக்கனம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. பழைய காரின் பழைய கணக்கை இன்றைய கணக்கோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது.

இனி, அளக்கும் கருவியே மாறிவிடும் விந்தை ஒன்றுண்டு. தூரமானி சாலையை அளப்பதில்லை; சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்தே தூரத்தைக் காட்டுகின்றது. புதிய டயரின் வரிப்பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழமிருக்கும். தேய்ந்து மாற்ற வேண்டிய நிலையில் 1.6 மில்லிமீட்டர். சக்கரத்தின் ஆரம் 300 மில்லிமீட்டர் என்று கொண்டால், இதனால் மட்டும் இரண்டு சதவீதம் வேறுபடும். தேய்ந்த டயர் அதிகம் சுற்றித் தூரத்தைக் கூட்டிக் காட்டும். புதிய டயர் குறைத்துக் காட்டும். அன்றியும், புதிய டயரின் தடித்த ரப்பர் தேய்ந்ததைவிடச் சற்று அதிகத் தடை தரும். எனவே நல்ல டயர் போட்ட மாதத்திலேயே குறிப்பேட்டின் எண் இறங்குவது இயல்பு.

நாம் தணிக்கை செய்த ஒரு நெசவாளர் சங்கத்தில் ஓட்டுநரிடம் விளக்கம் கோரும் தாக்கீது எழுதி முடிந்திருந்தது. அம்மாதத்து வவுச்சர்களைப் புரட்டினோம். நான்கு புதிய டயர்களுக்கு ஒரு ரசீதும், கூரைச் சட்டத்திற்கு ஒரு ரசீதும் இருந்தன. தீபாவளிச் சரக்கு அனைத்தும் கூரைமேல்தான் சென்றிருந்தது. சட்டத்தைக் கழற்றி, தொட்டியை நிரப்பி, சாலையோரக் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு தூரத்தைச் சரிபார்த்து, அதே வழியில் ஓட்டச் செய்தோம். பழைய எண் ஏறக்குறையத் திரும்பி வந்தது. தாக்கீது கிழிக்கப்பட்டது. வேறொரு சங்கத்தில் இதே விசாரணை வேறு விதமாக முடிந்தது: 35 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு ஒரே தடவையில் 50 லிட்டர் நிரப்பியதாக வவுச்சர்! அங்கே டயரைப் பார்க்க வேண்டிய அவசியமே எழவில்லை.

கணக்கிடும் முறையைப் பற்றி ஒரு சொல். தொட்டி நிறைந்த நிலையிலிருந்து மீண்டும் நிறையும் நிலை வரையே அளக்க வேண்டும். பாதித் தொட்டிக் கணக்கு பயன்படாது. மாத சராசரிக்கு மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். 10 லிட்டரில் 100 கிலோமீட்டரும், 20 லிட்டரில் 300 கிலோமீட்டரும் ஓடிய காருக்குச் சரியான விடை 13.3, பத்தையும் பதினைந்தையும் கூட்டிப் பாதியாக்கி 12.5 என்று எழுதும் காரியதரிசிகள் இன்னும் இருக்கின்றனர்.

காற்றின் அளவை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். உரிய அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளிலோ, காருடன் தந்த கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச வரம்பே. டயர் தானாகவே மாதத்திற்குச் சுமார் ஒரு பவுண்டு இழக்கும் இயல்புடையது. பெட்ரோல் நிலையங்களில் காற்று இலவசம். குறிப்பேட்டில் தேதி, தூரம், லிட்டர் ஆகிய பத்திகளுக்கு அருகே காற்றழுத்தம், கூரைச் சுமை, டயர் மாற்றிய தேதி என்று மூன்று பத்திகள் சேர்த்துக்கொண்டால், அடுத்த தணிக்கையில் கேட்க வேண்டியவற்றை அந்த ஏட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.