துத்தநாகத் துண்டு காக்கும் படகு

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் செப்டம்பர் பிறந்தால் படகுத் துறைகளில் தலை நரைத்த தம்பதிகளை நிறையப் பார்க்கலாம். பணி ஓய்வு பெற்றவர்கள். பாய்மரப் படகைத் தூக்கித் தரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, குனிந்து அதன் அடிப்பாகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குளிர் இறுகுமுன் தெற்கே ஃபுளோரிடா போய்ச் சேர வேண்டும். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை கரையோர நீர்வழியின் நீளம் சுமார் 1,090 மைல். அட்லாண்டிக் புயல் பருவமோ நவம்பர் 30 வரை நீளும்; சீக்கிரம் கிளம்பினால் புயல், தாமதித்தால் குளிர். பாய் விரித்துப் போகும் அழகைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பயணம் நல்லபடியாக முடியுமா என்பதோ பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே, தரையில், படகின் அடியில் தீர்மானமாகிவிடுகிறது.

பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள படகின் அடியில் வேண்டுமென்றே இட்ட துளைகள் பல உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே வர ஒன்று, கழிவறைக்கு ஒன்று, சமையல் தொட்டி நீர் வெளியேற ஒன்று என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு, வால்விலிருந்து ஒரு ரப்பர் குழாய். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே இருக்கும் ஒன்றரை அங்குலக் குழாய் கழன்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேல் தண்ணீர் புகும். ஆகவே எல்லா வால்வுகளையும் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். துருப்பிடித்த குழாய்ப் பட்டைகளை மாற்றுகிறார்கள். வால்வு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நள்ளிரவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆப்பு எங்கே என்று தேட நேரம் இருக்காது.

வால்வு வெண்கலமா பித்தளையா என்பது முக்கியமான கேள்வி. நல்ல வெண்கலம் பல பத்தாண்டுகள் உழைக்கும். பித்தளை அப்படியல்ல. அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். கடல்நீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு, பொடிப் பொடியான துளைகள் நிறைந்த செம்பை விட்டுவைக்கும். வடிவம் மாறாது, எடுத்த எடுப்பில் எதுவும் தெரியாது. கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். அந்த நிறத்தைக் கண்டால் யோசிக்காமல் வால்வைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாலே உடையக்கூடியது அது.

கடல்நீரில் வெவ்வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொண்டு கிடந்தால், படகே ஒரு பேட்டரி ஆகிவிடும். எளிதில் எலெக்ட்ரானை இழக்கும் உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். அதனால்தான் புரொப்பல்லர் தண்டில் ஒரு துத்தநாகத் துண்டைத் திருகி வைக்கிறார்கள். நம் வீட்டு கீசர் தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு செய்யும் வேலைதான் இதற்கும்: தான் கரைந்து மற்றதைக் காப்பது. பாதி கரைந்ததும் புதியதை மாட்ட வேண்டும். அதன்மேல் பெயின்ட் படவே கூடாது. ஒரு பருவம் கடலில் கிடந்த பிறகும் துண்டு தேயாமல் இருந்தால் மகிழ வேண்டாம். மின்தொடர்பு அறுந்திருக்கிறது, வேறு ஏதோ கரைந்துகொண்டிருக்கிறது.

இந்த உத்தியைச் சொன்னவர் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் வேய்ந்திருந்த செம்புத் தகடுகள் அரித்துப்போய்க்கொண்டிருந்தன. துத்தநாகத்தையோ இரும்பையோ செம்போடு இணைத்துவிடுங்கள் என்று 1824-ல் டேவி யோசனை கூறினார். அரிப்பு நின்றது. ஆனால் கொட்டலசும் பாசியும் கப்பலடியில் மண்டி, வேகம் குறைந்துபோனது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததுதான் அவற்றை அதுவரை அண்டவிடாமல் வைத்திருந்தது! வேதியியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த தோல்வி இது, ஏனென்றால் தத்துவம் சரியாக இருந்ததால்தான் திட்டம் தோற்றது. இன்றைய படகின் உடல் ஃபைபர் கிளாஸ் என்பதால் இரண்டு பலனும் கிடைக்கின்றன. உலோக பாகங்களைத் துத்தநாகம் காக்கிறது. செப்பு ஆக்சைடு கலந்த பெயின்ட் உடல்மேல் மெல்லக் கரைந்து கொட்டலசை விரட்டுகிறது.

மேலே பாய்மரத்தை இழுத்துப் பிடித்திருப்பவை எவர்சில்வர் கம்பிகள். பெயரை நம்பி இருந்துவிட முடியாது. அந்த உலோகத்தைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். கம்பி முனை செருகியிருக்கும் இடுக்கில் உப்புநீர் தேங்கினால் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளுக்குள்ளேயே அரிப்பு தொடங்கும். வெளியே தெரிவது ஒரு பழுப்புக் கசிவு மட்டும். ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கம்பியோடு வழித்துக்கொண்டே போவார்கள். 19 இழைகளில் ஒன்று அறுந்திருந்தாலும் காகிதம் சிக்கிக் கிழியும்.

நங்கூரத்துக்குக் கணக்கு வேண்டும். சங்கிலி கடலடியை ஒட்டிக் கிடையாக இழுத்தால்தான் நங்கூரம் மண்ணுக்குள் புதையும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். ஜார்ஜியா கரையில் ஓதம் இரண்டு மீட்டருக்கு மேலும் ஏறும். தாழ்நீரில் ஆழம் 3 மீட்டர், ஏற்றம் 2, தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரம் 1, ஆக 6 மீட்டர். ஐந்து மடங்கு என்றால் 30 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று பலத்தால் இன்னும் கூடுதல். ஓதத்தை மறந்து 20 மீட்டர் விட்டவரின் படகு நடுராத்திரியில் நகரத் தொடங்கும்.

இருவர் மட்டுமே போகும் படகில் வயதை ஈடுகட்டுவது, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச். 40 என்று எண்ணிட்ட வின்ச், கைப்பிடியில் தரும் விசையை ஏறத்தாழ 40 மடங்காக்கும். உராய்வில் கொஞ்சம் போகும். பாயை இறுக்க மட்டுமல்ல, கடலில் விழுந்தவரை மேலே தூக்கவும் அதுவே கை. பல படகுகளில் ஒருவரே எப்போதும் சுக்கான் பிடிப்பார், மற்றவர் சமைப்பார். அந்த ஏற்பாட்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுக்கான் பிடிப்பவரே தண்ணீரில் விழுந்துவிட்டால் படகைத் திருப்பிக் கொண்டுவருவது யார்? கிளம்புமுன் அமைதியான ஒரு நாளில் மிதவை ஒன்றைக் கடலில் எறிந்து, எஞ்சினைக் கிளப்பி, படகைத் திருப்பி, அதை வின்ச்சால் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் முறை கணவர், அடுத்த முறை மனைவி. ஒவ்வொருவரும் மற்றவர் உதவியில்லாமல்.