தூங்கும் காட்டைப் பாடி எழுப்பும் மக்கள்... யார் இந்த ம்புட்டி?

ஒரு சாவு விழுகிறது. அடுத்தடுத்து வேட்டையிலும் ஒன்றும் சிக்கவில்லை. 'யாரோ செய்வினை வெச்சுட்டாங்க' என்று ம்புட்டி மக்கள் ஆளைத் தேட மாட்டார்கள். காடு அசந்து தூங்கிவிட்டது, அதனால் பிள்ளைகளைக் கவனிக்கவில்லை, எழுப்பிவிட்டால் சரியாகிவிடும். அவ்வளவுதான்!

எழுப்பும் சடங்கின் பெயர் மொலிமோ. இரவில் ஆண்கள் நெருப்பைச் சுற்றி அமர்ந்து பாட, இருட்டுக்குள்ளிருந்து நீளமான ஊதுகுழல் ஒன்று பதில் கொடுக்கும். வாரக்கணக்கில் இது நீளும். 1950களில் இவர்களோடு தங்கிய மானுடவியலாளர் காலின் டர்ன்புல், இவ்வளவு புனிதமான குழலை மூங்கிலில் செதுக்கியிருப்பார்கள் என நினைத்தார். பார்த்தால், உலோகத் தண்ணீர்க் குழாய்! மரம் மாதிரி உளுத்துப் போகாது, சத்தமும் நன்றாக வருகிறது, எதில் செய்தால் என்ன என்பதுதான் அவர்கள் பக்க நியாயம். காடு கேட்கப்போவது குழலை அல்ல, பாட்டைத்தானே.

எங்கே இருக்கிறார்கள்?

காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடகிழக்கில், இட்டூரி மழைக்காட்டில். 'பிக்மி' என்று வெளியார் வைத்த பெயரைப் பலர் இழிவாகவே பார்க்கிறார்கள். பக்கத்துக் கிராமத்து விவசாயிகளின் மொழிதான் இவர்களுக்கும் மொழி. இறைச்சியும் தேனும் கொடுத்து வாழைக்காய், மரவள்ளி, இரும்புச் சாமான் வாங்குவது நெடுங்காலப் பழக்கம்.

வலை வேட்டையில் ஆண்கள் அரைவட்டமாக வலை கட்ட, எதிர்ப்பக்கத்திலிருந்து பெண்களும் சிறுவர்களும் சத்தம் போட்டு விலங்குகளை விரட்டி வருவார்கள். கிடைப்பது முகாமுக்கே பங்கு. தலைவர் என்று யாரும் கிடையாது. தப்பு செய்தவரைக் கிண்டலடித்தே வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

குச்சிகளை வளைத்து இலை வேய்ந்து குடிசை கட்டுவது பெண்களின் வேலை. புருஷனோடு சண்டை முற்றினால் மனைவி இலைகளை உருவ ஆரம்பிப்பார். அவர் இறங்கி வர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. டர்ன்புல் பார்த்த ஒரு ஜோடியில் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. இலைகள் போய், குச்சிகளிலும் கை வைத்தாயிற்று. கடைசியில் கணவர், 'குச்சி வேண்டாம், இலைதான் அழுக்கு' என்றார். மனைவி புரிந்துகொண்டார். இருவரும் ஓடைக்குப் போய் இலைகளைக் கழுவினார்கள்!

1961இல் வெளியான டர்ன்புல்லின் புத்தகம் இந்த வாழ்க்கையை ரொம்பவே அழகுபடுத்தியது என்ற விமர்சனமும் உண்டு. இன்றைய நிலவரம் அவ்வளவு அழகாக இல்லை.

இப்போது என்ன சிக்கல்?

1992இல் இட்டூரியின் ஒரு பகுதி ஒக்காப்பி வனவிலங்குக் காப்பகமானது; 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. ஆனாலும் தங்கச் சுரங்கம், ஆயுதக் குழுக்கள், சந்தைக்கான வேட்டை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. விலங்கு குறைந்தால் வலையும் காலிதான். 2002-03 போரில் ம்புட்டி மக்கள் கொடூரமாகத் தாக்கப்பட்டார்கள்.

2022இல் இவர்கள் போன்ற பூர்வகுடிகளின் உரிமைகளைப் பாதுகாக்க காங்கோ தனிச் சட்டம் கொண்டுவந்தது. நில உரிமையும் அதில் அடக்கம். ஆனால் முகாம் மாற்றி முகாம் மாற்றி வாழ்பவர்களிடம் ஏது பட்டா? 'இது எங்கள் காடு' என்பதற்கு எதைக் காட்டச் சொல்வார்கள் என்பதுதான் இப்போது கேள்வி.