நாற்பத்தோராவது நாள்!

2024 பிப்ரவரி 14. ஊரே ரோஜாப் பூவும் கையுமாக அலைந்துகொண்டிருந்த காதலர் தினம். நான் மட்டும் மணலியில் எங்கள் சர்ச்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். காதல் தோல்வியா என்று கேட்காதீர்கள். அன்றைக்கே சாம்பல் புதன்! 2018-லும் இப்படித்தான் இரண்டும் ஒரே நாளில் மோதிக்கொண்டன. அடுத்த மோதல் 2029-ல். காதலிக்கிற கிறிஸ்தவ வாலிபர்கள் இப்போதே டைரியில் குறித்து வைத்துக்கொள்ளவும்.

சாம்பல் புதனில் ஆரம்பித்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் லெந்து காலம். கத்தோலிக்க நண்பர்கள் 'தவக்காலம்' என்பார்கள். காலண்டரில் எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். 'நாற்பது நாள் என்றுதானே சொல்கிறீர்கள்?' என்று ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமி மடக்கினார். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகள் கணக்கில் சேராது சார். ஞாயிறு என்பது உயிர்த்தெழுந்த நாள். அன்றைக்கு உபவாசம் கிடையாது. இந்த ஞாயிறு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் மணலியைப் பற்றி இரண்டு வரி. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (இன்றைய சென்னை பெட்ரோலியம்), 1966-ல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் என்று கம்பெனிகள் உருவாக, வேலை தேடி நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் டிரங்குப் பெட்டியோடு பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் கொண்டு வந்தார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். 2011-ல் மணலி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து டவுனுக்குப் போகிறவர்கள் இன்னமும் 'மெட்ராஸுக்குப் போயிட்டு வரேன்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஷிப்ட் ஊர் என்பதால் எங்கள் சபையும் ஷிப்ட் சபைதான். நைட் ஷிப்ட் முடித்தவர் யூனிஃபார்மோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். பிரசங்கத்தில் கண் சொக்கும். பக்கத்தில் இருப்பவர் இடித்து எழுப்ப மாட்டார். ஏனென்றால் நாளைக்கு அவருக்கு நைட்!

நாங்கள் சி.எஸ்.ஐ. எங்கள் போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். ஐயர் மட்டன் பிரியாணி சாப்பிடுவார். குழம்ப வேண்டாம், அது திருநெல்வேலி வழக்கம்.

லெந்து வந்தால் ஊரே சாப்பாட்டில் கை வைக்கிறது. சிலர் மாமிசத்தை விடுகிறார்கள், சிலர் காலைப் பலகாரத்தை. ராயபுரத்தில் எனக்கு ஒரு கத்தோலிக்க நண்பன். (ராயப்பர் என்றால் புனித பேதுரு. அவர் பெயரில்தான் ராயபுரமே.) வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப் பாதை. பதினான்கு நிலைகள், ஒவ்வொன்றிலும் முழங்கால் போட வேண்டும். லெந்துவில் ஒரு நாளாவது பரங்கிமலைப் படிகளை ஏறிவிடுவான். ஆனால் மாமிசம் விட்ட கையோடு காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வருவான். 'டேய், இது என்னடா?' என்றால், 'சட்டப்படி மீன் மாமிசம் இல்லைடா!' சட்டம் தெரிந்தவனோடு வாதாட முடியுமா?

எங்கள் சபையில் சாயங்காலம் ஒவ்வொரு வீடாக ஜெபக் கூட்டம். இரண்டு பாட்டு, ஒரு வேத பாடம், ஜெபம். முடிந்ததும் அந்த வீட்டு அம்மா வடை, சட்னியோடு வந்து நிற்பார். உபவாச மாதத்தில் நான் மூன்று கிலோ ஏறிய ரகசியம் இதுதான்.

பெண்கள் சங்கத்தின் வேலை வேறு. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டுவிடுவார்கள். காஞ்சிப் பெரியவரின் பிடி அரிசித் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிசோரத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910-லிருந்து இதே மாதிரி செய்து வருகிறார்கள். பிடி அரிசிக்கு மதம் கிடையாது போலிருக்கிறது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப்போயிருந்தது. வலை, படகு எல்லாம் பிசுபிசுப்பு. அந்த வருட அரிசி எங்கே போக வேண்டும் என்று கமிட்டி கூட்டிப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆண்களுக்கு ஒரு காணிக்கைக் கவர். எதை விடுகிறோமோ அதன் காசை அதில் போட வேண்டும். நான் டீயை விட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு டீ, ஒரு டீ 12 ரூபாய். நாற்பது நாளைக்கு 960! ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாதவர்களிடம் தேடிப் போய்ச் சொன்னேன். தர்மம் செய்தால் தாரை ஊதாதே என்ற அர்த்தத்தில் சாம்பல் புதனன்றுதான் ஐயர் பிரசங்கம் செய்திருந்தார். ஊதாமல் இருக்க முடியவில்லை, என்ன செய்ய?

பக்கத்து வீட்டு அண்ணன் குடியை விட்டார்.

அண்ணன் கான்ட்ராக்ட் வெல்டர். தங்கமான மனுஷன், சாயங்காலம் ஆறரை மணி வரைக்கும். அந்த பிப்ரவரியில் டாஸ்மாக் விலை ஏறி சாதாரண குவார்ட்டரே 140 ரூபாய். நாற்பது நாளைக்கு 5,600. என் 960-ஐ நான் கொஞ்சம் ரகசியமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் அண்ணன் லெந்துவில் குடியை விடுவது புதிதல்ல. வருடா வருடம் விடுவார். சபரிமலைக்கு மாலை போடுகிற நண்பர்கள் சிலரைப் பார்த்திருப்பீர்களே, அதே சுத்தம், அதே பக்தி. மாலை கழற்றின சாயங்காலமே பழைய இடத்தில் ஆஜர்! அண்ணனுக்கு அவ்வளவு பொறுமைகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால், 'ஞாயிறு கணக்குல சேராதே தம்பி!' என்று கிளம்பிவிடுவார். (ஞாபகம் வைக்கச் சொன்னேனே.)

விட்ட முதல் இரண்டு மூன்று நாள் கை நடுங்கும். ராத்திரி தூக்கம் வராமல் கத்துவார். வீட்டில் பிசாசு ஓட்டுகிறவரைக் கூப்பிடலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. ஐயர்தான் தடுத்தார். "பிசாசு இல்லம்மா, நரம்பு. தினம் குடிக்கிறவன் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. வலிப்பே வரலாம், உயிருக்கே ஆபத்து. ஜெபம் நான் பண்றேன், முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அந்த வருடம் அப்படியே செய்தோம். கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்தார். "குடி ஒரு வியாதி, வைத்தியம் உண்டு. நாற்பது நாள் நிறுத்துறது பெருசில்ல. நாற்பத்தோராவது நாள்தான் பரீட்சை" என்றார். டாக்டர் எந்த மதமோ தெரியாது. லெந்து பிரசங்கத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

முதல் ஞாயிறு போனது. அண்ணன் வீட்டிலேயே இருந்தார். இரண்டாவது ஞாயிறும் போனது. அவர் பையன் என்னிடம் வந்து, "அங்கிள், இந்த வருஷம் ஞாயிறு கணக்குல சேருமா?" என்று கேட்டான். எட்டு வயசுப் பையன் கேட்கிற கேள்வியா இது?

பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் தியானிப்போம். பூ கிடையாது, மணி கிடையாது. மார்ச் கடைசி வெயிலில் ஃபேன் காற்றும் அனல். வாலிபர் சங்கத்தின் சார்பில் எனக்கு ஐந்தாம் வார்த்தை. அது தாகத்தைப் பற்றியது.

நான் டீயை வைத்து ஜோராகத் தயார் பண்ணியிருந்தேன். இரண்டு ஜோக்கூட உண்டு. மேடை ஏறினேன். மூன்றாவது பெஞ்சில் அண்ணன். பக்கத்தில் அண்ணி. அண்ணியின் காதில் கம்மல்! சேட்டுக் கடையில் இரண்டு வருடமாகக் கிடந்த கம்மல். நாற்பது நாள் காசு எங்கே போயிற்று என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணியின் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்றால், இல்லை. பயம் இருந்தது. நாளை மறுநாள் ஈஸ்டர்.

கையில் இருந்த பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். அந்த மனிதருக்கு இரண்டு தடவை குடிக்கக் கொடுத்தார்கள், முதலில் நீட்டிய கசப்புக் கலந்த ரசத்தை ருசி பார்த்துவிட்டு வேண்டாம் என்றார், அந்த மறுப்பில் எவ்வளவு வலி இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னேன். "நான் டீயை விட்டேன்னு ஊரெல்லாம் சொன்னேன். எனக்குத் தாகம்னா என்னன்னு தெரியாது. தெரிஞ்சவங்க இங்க உட்கார்ந்திருக்காங்க, அவங்க சொல்லிக்கிறதில்லை." மூன்று நிமிஷத்தில் இறங்கிவிட்டேன். பாடகர் குழு தயாராக இல்லாமல் தடுமாறியது.

ஆராதனை முடிந்ததும் கஞ்சியும் துவையலும். வரிசையில் அண்ணன் எனக்குப் பின்னால் நின்றார். ஒன்றும் பேசவில்லை. என் தட்டில் ஒரு கரண்டி துவையல் கூடப் போட்டார்.

ஈஸ்டர் அன்று விடியற்காலை நாலு மணி ஆராதனை. வெள்ளைச் சட்டை, கைகுலுக்கல், கேக். வாசலில் அண்ணி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, இன்னிக்குச் சாயங்காலம்தான் பயமா இருக்கு. ஆறரை மணிக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

இதை ஐயரிடம் சொன்னேன். ஐயர் நாலு பேரைக் கூப்பிட்டார். ஆறு மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் மூன்று பைக்குகள். "அண்ணே, டூட்டியில இருக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் கேக் கொடுக்கணும், நீங்க இல்லாம ஆகாது." எம்.எஃப்.எல். ரவுண்டானா தாண்டி, பெரியதோப்பு, சின்னசேக்காடு என்று ஒன்பதரை மணி வரை சுற்றினோம். வழியில் கடையைத் தாண்டியபோது என் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரை மட்டும் கொஞ்சம் முறுக்கினேன்.

மறுநாள் காலை டீக்கடை. "ரெண்டு டீ மாஸ்டர்!" என்றேன். நாற்பது நாளுக்குப் பிறகு முதல் டீ. அண்ணன் கிளாஸைப் பிடித்த கை நடுங்கவில்லை.

கதை இங்கேயே முடிந்தால் சினிமா. மே மாதம் ஒரு சம்பள நாளில் அண்ணன் வழுக்கினார். கம்மல் மறுபடியும் சேட்டுக் கடைக்குப் போனது. அண்ணி அழுதார். "சர்ச்சுக்கு எப்படி வருவேன் தம்பி?" என்று அண்ணன் இரண்டு வாரம் தலையைக் காட்டவில்லை. ஐயர் வீட்டுக்கே போய், "வழுக்கினவன்தான்டா வரணும். வழுக்காதவனுக்கு நான் எதுக்கு?" என்று திட்டிக் கூட்டி வந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் துணையாக ஆரம்பித்த சங்கம், இன்று உலகமெல்லாம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்போம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அண்ணன் அங்கே போக ஆரம்பித்தார்.

அடுத்த லெந்து வந்தது. "இந்த வருஷம் எதை விடப் போறீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"விடறதுக்கு ஒண்ணும் இல்லியே தம்பி! டீயை விடலாமான்னு பாக்கறேன்."

கம்மல் இப்போது அண்ணியின் காதில்தான் இருக்கிறது. நாளைக்கும் இருக்குமா என்று கேட்டால், நாளைக்குச் சொல்கிறேன். எங்கள் தெருவில் இப்போது ஞாயிறும் கணக்கில் உண்டு.