மலையுச்சிப் பெட்டியும் கடல் கடக்கும் குரலும்



கன்வென்ஷன் பந்தலில் ஒழுங்கு பார்க்கும் வாலிபர்கள் கையில் வாக்கி-டாக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பந்தல் வாசலிலிருந்து சமையல் கொட்டகைக்குப் பேசும்போது கணீரென்று கேட்கும் அந்தக் கருவி, பஸ் நிலையத்துக்குப் போன தம்பியைக் கூப்பிட்டால் கரகரத்து ஓய்ந்துவிடும். ஏறக்குறைய அதே அளவுள்ள ஒரு கருவியை வைத்துக்கொண்டு, கனடாவின் மேற்குக் கரையில் இருப்பவர் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் கிழக்குக் கரையில் இருப்பவரோடு பேசுகிறார் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஆனாலும் 1997 முதல் அப்படிப் பேசி வருகிறார்கள். இது எப்படி நடக்கிறது, இதில் எது பலம், எது பலவீனம் என்பதை இம்முறை சற்று விவரமாகவே எழுதுகிறோம். ஏனென்றால் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் பெரும்பாலும் நன்கொடையில் நடப்பவை. கொடுப்பவர்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பது நல்லது.

வாக்கி-டாக்கியின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. ஒரு மனிதன் கையில் பிடித்திருக்கும் ஏரியலுக்கு, சமவெளியில் 5 கிலோமீட்டரிலேயே அடிவானம் முடிந்துவிடுகிறது. கட்டடமும் மரமும் குறுக்கிட்டால் அதுவும் இல்லை. அதே ஏரியலை 1,000 மீட்டர் உயரமுள்ள மலையின் உச்சியில் வைத்தால், அடிவானம் ஏறக்குறைய 130 கிலோமீட்டருக்கு விரிகிறது. ஆகவே மலையுச்சியில் ஒரு பெட்டியை வைத்து, கீழே பேசுகிறவரின் மெல்லிய குரலைக் கேட்டு, அதே கணத்தில் பலத்த குரலில் திருப்பிச் சொல்லும்படி செய்தார்கள். இதற்குத்தான் ரிப்பீட்டர் என்று பெயர்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. செய்வது அப்படியல்ல. ஒரே ஏரியலில் உரக்கக் கத்திக்கொண்டே, அதே நேரத்தில் தூரத்துக் கிசுகிசுப்பையும் அது கேட்க வேண்டும். அதற்காகக் கேட்கும் அலைவரிசையையும் சொல்லும் அலைவரிசையையும் சற்றுத் தள்ளி வைக்கிறார்கள். வட அமெரிக்காவில் 146.34 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 146.94-இல் சொல்வது வெகுகாலமாகப் பழகிப்போன ஒரு ஜோடி. இந்தச் சிறு இடைவெளிக்குள் இரண்டையும் ஒன்றோடொன்று மோதாமல் பிரிக்க, குழாய்போன்ற பெரிய உலோக உருளைகள் வரிசையாக நிற்கும். இவற்றோடு கோபுரம், தரமான கேபிள், இடிதாங்கி, மின்சாரம் நின்றால் தாங்கும் பேட்டரிகள் எல்லாம் வேண்டும். பணம் கரைவது இங்கேதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

ஒரு மலை ஒரு மாவட்டத்துக்குப் போதும். ஒரு தேசத்துக்கு எப்படிப் போதும்? முதலில் மலைக்கு மலை வேறொரு ரேடியோவைக் குறிபார்த்து வைத்துச் சங்கிலிபோலக் கோத்தார்கள். கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ பகுதிகளில் காக்டஸ் இன்டர்டை என்ற பெயரில் அப்படிப்பட்ட ஒரு சங்கிலி அமைந்தது. அருமையான வேலைதான். ஆனால் ஒரு மலை அடுத்த மலையைக் கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும். நடுவில் கடல் வந்தால் சங்கிலி அறுந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கோபுரம், ஒரு பூட்டு, மழையில் மலையேறிப் பழுதுபார்க்க ஓர் ஆள்.

கனடாவின் வான்கூவர் நகரத்தில் டேவிட் கேமரான் என்ற அமெச்சூர் ரேடியோக்காரர் வேறு வழி யோசித்தார். அமெச்சூர் ரேடியோ அல்லது ஹாம் என்பது, பரீட்சை எழுதி அரசாங்க லைசென்ஸ் பெற்று, ஊதியம் எதுவும் வாங்காமல் ரேடியோ நடத்துகிறவர்களின் சேவை. பண ஆதாயம் கூடாது என்பது உலக அளவில் அதற்குள்ள விதி. 1997 நவம்பரில் இவர் வான்கூவர் ரிப்பீட்டரையும், அதே மாகாணத்திலுள்ள வெர்னான், கிழக்குக் கோடியிலுள்ள செயின்ட் ஜான் ஆகிய ஊர்களின் ரிப்பீட்டர்களையும் இன்டர்நெட் வழியாக இணைத்தார். முதலில் விண்டோஸில் ஓடும் ஓர் இன்டர்நெட் தொலைபேசி மென்பொருளைப் பயன்படுத்தினார். அது அடிக்கடி நின்றுபோய்த் தொல்லை கொடுத்தது. ஆளில்லாத இடத்தில் இரவும் பகலும் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு அது உதவாது. 1998-இல் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றி, கம்ப்யூட்டரையும் ரேடியோவையும் இணைக்கும் ஒரு சிறு பலகையையும் தாமே வடிவமைத்தார். ஐ.ஆர்.எல்.பி. என்று இன்று அறியப்படுவது இப்படிப் பிறந்ததுதான்.

அந்தப் பலகை செய்யும் வேலையைப் பார்த்தால் இதில் மாயம் ஒன்றுமில்லை என்று விளங்கும். நான்கு கம்பிகள்தான் முக்கியம். ஒன்றில் ரேடியோ கேட்ட குரல் கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஒன்றில் கம்ப்யூட்டரின் குரல் ரேடியோவுக்கு வருகிறது. மூன்றாவது, "இப்போது யாரோ பேசுகிறார்கள்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. நான்காவது, "இப்போது பட்டனை அழுத்து" என்று ரேடியோவுக்குச் சொல்கிறது. அந்த மூன்றாவது கம்பியில் கவனம் தவறினால் வேடிக்கை நடக்கும். பேசி முடித்த பிறகும் ரிப்பீட்டர் ஓரிரு விநாடி அலையை விட்டுக்கொண்டிருக்கும். அந்த வாலையும் பேச்சு என்று எண்ணி ஓர் ஊர் மற்ற ஊருக்கு அனுப்ப, அது தன் வாலைத் திருப்பி அனுப்ப, ஒருவரும் பேசாமலே இரண்டு மலைகளும் விடிய விடிய ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டிருக்கும்.

குரல் கம்ப்யூட்டருக்குள் வந்ததும் எண்களாகிறது. தொலைபேசித் தரத்துக்கு விநாடிக்கு 8,000 முறை குரலை அளந்து, விநாடிக்கு 64,000 பிட் அளவில் எழுதுவது வழக்கம். செல்போன்களுக்காக உண்டான ஜி.எஸ்.எம். முறையில் சுருக்கினால் 13,000 பிட் போதும். பழைய தொலைபேசி மோடம்கூட அதைச் சுமந்துவிடும். இப்படிச் சுருக்கியதைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். வழியில் தொலைந்த பொட்டலத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. கடிதமென்றால் தாமதமாக வந்தாலும் வாசிக்கலாம். தாமதமாக வந்த ஒரு அசையை வாக்கியத்தின் நடுவில் எங்கே செருகுவது?

பயன்படுத்துகிறவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. தம் கருவியிலுள்ள எண் பட்டன்களில் நான்கு இலக்கங்களை அழுத்துகிறார். அந்த எண்ணுக்குரிய ஊரின் ரிப்பீட்டர் இணைகிறது. முடிந்ததும் 73 என்று அழுத்தினால் இணைப்பு விலகுகிறது. தந்தி காலத்திலிருந்து 73 என்றால் "வாழ்த்துக்கள்" என்று பொருள். பல ஊர்கள் ஒரே நேரத்தில் கூட வேண்டுமானால் ரிஃப்ளெக்டர் என்ற பொதுக் கம்ப்யூட்டரில் சேருகின்றன. ஒருவர் பேசுவதை அது மற்ற எல்லாருக்கும் அனுப்பும். இதில் ஓர் ஒழுக்கம் உண்டு. பட்டனை அழுத்தியவுடன் பேசாமல் ஒரு விநாடி பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வார்த்தை வழியிலேயே போய்விடும். அதைவிட முக்கியம், ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே பாயாமல் சற்று இடம் விட வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவசரச் செய்தி உள்ளவர் நுழைய முடியும்.

2002-இல் ஜோனதன் டெய்லர் என்பவர் எக்கோலிங்க் என்ற ஏற்பாட்டைத் தந்தார். இதில் லைசென்ஸ் உள்ளவர் ரேடியோ இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்தே சேரலாம். ஐ.ஆர்.எல்.பி. அதை ஒத்துக்கொள்வதில்லை, இரு முனையிலும் ரேடியோ இருக்க வேண்டும் என்பது அதன் பிடிவாதம். ஜிம் டிக்சன் உருவாக்கிய ஆல்ஸ்டார் முறையோ, ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளின்மேல் கட்டப்பட்டது. எது உயர்ந்தது என்ற சண்டை அந்த வட்டாரத்தில் ஓயாதது. எங்களுக்கு அதில் பக்கம் சேர விருப்பமில்லை.

இதன் உண்மையான பயனை அமெரிக்காவின் மையாமி நகரிலுள்ள தேசியச் சூறாவளி மையத்தில் காணலாம். 1980 முதல் அங்கே தொண்டர்கள் அமெச்சூர் ரேடியோ நிலையம் நடத்தி வந்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் புயலை மேலிருந்து பார்க்கிறது. விமானம் அதன் நடுவில் பறந்து அளக்கிறது. ஆனால் தரையில் ஒரு தீவின் கரையோர வீட்டில் காற்று எவ்வளவு, காற்றழுத்தமானி எங்கே நிற்கிறது, கூரை இருக்கிறதா என்பதை அங்கே இருப்பவர்தான் சொல்ல வேண்டும். முன்பு அதற்குச் சிற்றலை ரேடியோவும் பெரிய ஏரியலும் தேவைப்பட்டன. இணைப்பு வந்தபின், கைக்கருவி மட்டும் உள்ளவரும் தம் ஊர் ரிப்பீட்டர் வழியாக எக்கோலிங்க் கூட்டத்திலும் ஐ.ஆர்.எல்.பி.யின் 9219 என்ற எண்ணிலும் சேர்ந்து, தாம் கண்டதை மையத்துக்குச் சொல்ல முடிந்தது.

இனி பலவீனத்துக்கு வருவோம். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா என்ற புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைக் கடந்தது. மறுநாள் எடுத்த கணக்கின்படி, தீவின் செல்போன் கோபுரங்களில் 95 சதவீதம் வேலை செய்யவில்லை. மின்சாரம் தீவு முழுவதும் போயிற்று. இன்டர்நெட்டை நம்பிய இணைப்பு அங்கே என்ன செய்யும்? அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், 50 அமெச்சூர் ரேடியோக்காரர்களைத் தீவுக்கு அனுப்பும்படி அவர்களது தேசிய சங்கத்தைக் கேட்டுக்கொண்டது. பிழைத்திருப்பவர்களின் விவரங்களை வெளியே சேர்ப்பது அவர்களுக்குக் குறித்த வேலை.

நம்முடைய கரைகளுக்கும் இது தெரியாததல்ல. 2004 டிசம்பர் 26 அன்று கடல் நாகப்பட்டினத்தில் ஏறிய அதே காலையில், அந்தமானின் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் அம்மையாரின் தலைமையில் ஓர் அமெச்சூர் ரேடியோக் குழு இருந்தது. உலகமெங்கும் உள்ளவர்களோடு தொடர்பு கொள்ளவே அவர்கள் போயிருந்தார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு, தீவிலிருந்த மக்களைப் பற்றிய செய்திகளை நிலப்பகுதிக்கு அனுப்பும் பணியில் இறங்கினார்கள். அவர்கள் பேசியது சிற்றலையில். அதற்கு மலையும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்.

ஆகவே இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு உதவி கேட்டு யாராவது வந்தால், நாங்கள் முதலில் கேட்பது கடல் கடந்து எத்தனை ஊர்களோடு இணையலாம் என்பதையல்ல. இணைப்புக்கு வேண்டியது ஒரு சிறு கம்ப்யூட்டரும் ஒரு பலகையும். அதற்குப் பணம் சுலபமாகக் கிடைக்கும், ஏனெனில் திறப்பு விழாவில் காட்ட அதுவே அழகாக இருக்கும். பேட்டரிக்குப் பணம் கொடுப்பவர் குறைவு. ஆனால் இணைப்பு அறுந்தாலும் மலைமேல் பெட்டி உயிரோடிருந்தால், சுற்றுவட்டாரம் தனக்குள் பேசிக்கொள்ளலாம். ஜெனரேட்டரில் டீசல் தீர்கிறது என்று ஆஸ்பத்திரி சொல்லலாம்; எந்தப் பாலம் போயிற்று என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்கலாம். மலையில் பேட்டரி செத்திருந்தால், உலகத்து ரிஃப்ளெக்டர்கள் எல்லாம் விழித்திருந்தும் பயனில்லை.

எனவே நாங்கள் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? கடைசியாக எப்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தீர்கள்? இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கினாலும் ரிப்பீட்டர் தனியே வேலை செய்கிறதா? மழைக்காலத்தில் மலையேறும் ஆள் யார், சாவி யாரிடம்? இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லுகிற குழுவுக்கு, இணைப்புப் பலகைக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்.